1972இல் நின்றுபோன கான்டனீஸ் படமும் அதை எழுப்பிய பாடகரும்: ஒரு நிகழ்வு ஆய்வு

1972ஆம் ஆண்டு முழுவதிலும் ஹாங்காங்கில் ஒரு கான்டனீஸ் படம்கூட வெளியாகவில்லை. அதற்கு முந்தைய ஆண்டில் வந்ததும் ஒன்றுதான். அந்நகர மக்களில் மிகப் பெரும்பாலோர் வீட்டிலும் சந்தையிலும் தேநீர்க் கடையிலும் பேசிய மொழி அது. 1960களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ இருநூறு படங்களைத் தந்த மொழியும் அதுவே. பத்தாண்டு கழித்து, 1982இல், சாம் ஹுய் என்ற பாடகர் நாயகனாக நடித்த கான்டனீஸ் நகைச்சுவைப் படம் இரண்டரைக் கோடி ஹாங்காங் டாலருக்கு மேல் வசூலித்து உள்ளூர்ச் சாதனையை முறியடித்தது. 1972இல் திரையை ஆண்டுகொண்டிருந்த, சீனாவின் தேசிய மொழியான மாண்டரினில் அமைந்த படம் அந்நகரில் தயாராவதே அதற்குள் ஏறக்குறைய நின்றுபோயிருந்தது.

இந்தத் தலைகீழ் மாற்றத்துக்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம், 1973இல் வெளியான ஒரே ஒரு படத்தைச் சுட்டிவிட்டு நிறைவு கொள்கிறது. என் கருத்து அதிலிருந்து சற்று விலகுகிறது. அப்படம் கூட்டத்தைத் திரையரங்குக்குத் திரும்ப அழைத்து வந்தது உண்மை. வந்த கூட்டத்தைத் தக்கவைத்து, அதிலிருந்து இருபது ஆண்டுகள் நீடித்த ஒரு தொழில்முறையை உருவாக்கியது பாடகரும் நடிகரும் ஒருவராகவே இருந்த ஏற்பாடுதான். அந்த ஏற்பாடு எப்படிப் பிறந்தது, எதைச் சாதித்தது, பின்னர் எதைக் கெடுத்தது என்பதையே இந்த ஆய்வு பார்க்கிறது.

பாட்டோடு பிறந்த சினிமா

கான்டனீஸ் பேசும்படம் பாட்டு மேடையிலிருந்தே இறங்கி வந்தது. 1933இல் ஷாங்காயின் தியான்யி நிறுவனம் எடுத்த முதல் கான்டனீஸ் பேசும்படங்களில் ஒன்றின் நாயகர் சிட் கோக்-சின், கான்டனீஸ் இசை நாடகத்தின் அக்கால முன்னணிப் பாடகர். படமும் அவர் மேடையில் வெற்றிகரமாக நடத்திவந்த நாடகமே. அது பெரும் வசூல் கண்டதால்தான் அந்நிறுவனம் ஹாங்காங்கில் கால் பதித்தது. அந்நிறுவனத்தை நடத்திய ஷா குடும்பமே பின்னாளில் ஷா பிரதர்ஸ் என்று புகழ்பெற்றது. 1930களின் நடுப்பகுதியில் நான்ஜிங்கில் இருந்த அன்றைய சீன அரசு, தேசிய மொழி ஒன்றே திரையில் ஒலிக்க வேண்டும் என்று கருதி, கான்டனீஸ் படங்களைத் தடைசெய்ய முனைந்தது. 1937இல் ஜப்பானுடன் போர் மூண்டதால் அந்த முயற்சி கிடப்பில் விழுந்தது. ஒரு வட்டார மொழிச் சினிமா என்ற நிலையிலேயே அது தொடர்ந்து பிழைத்துவந்தது.

போருக்குப் பின் 1950களில் இசை நாடகப் படங்கள் பெருகின. ஆண் வேடமேற்ற யாம் கிம்-ஃபை என்ற பெண் கலைஞரும் அவருடைய மேடைத் துணையான பாக் சுட்-சினும் அக்காலத்தின் மிகப் பெரிய நட்சத்திரங்கள். இளவரசி சாங் பிங்கின் கதையைச் சொல்லும் அவர்களுடைய புகழ்பெற்ற நாடகம் 1959இல் திரைக்கு வந்தது. 1960களில் யாமின் சீடரான கோனி சான், அவருக்குப் போட்டியாகச் சொல்லப்பட்ட ஜோசஃபின் சியாவ் ஆகிய இருவரும் தொழிற்சாலைகளில் வேலைபார்த்த இளம்பெண்களின் அபிமான நாயகியர் ஆயினர். இவ்விருவரும் 1947இல் பிறந்தவர்கள். சிறுவயதிலிருந்தே படங்களில் நடித்தவர்கள். தங்கள் பாட்டைத் தாங்களே பாடியவர்கள். மாண்டரின் இசைப்படங்களிலோ நாயகிக்குப் பெரும்பாலும் வேறொரு பின்னணிப் பாடகியே குரல் கொடுத்தார். திரையில் தோன்றுபவரே பாடவும் வேண்டும் என்ற எதிர்பார்ப்பு கான்டனீஸ் ரசிகருக்கு மேடைக் காலத்திலிருந்தே பழக்கமாகியிருந்தது. பின்னாளில் பாப் பாடகர்கள் நடிகர்களானபோது அது அந்த ரசிகர்களுக்குப் புதுமையாகத் தோன்றாததற்கு இந்த நீண்ட பழக்கம் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அப்படியிருந்தும் 1960களின் இறுதியில் அச்சினிமா சரிந்தது. படங்கள் மிக மலிவாக, ஒரு வாரத்துக்குள் முடியும் வேகத்தில், தென்கிழக்காசிய விநியோகஸ்தர்கள் தந்த முன்பணத்தை நம்பி எடுக்கப்பட்டன. கோலாலம்பூரிலும் ஈப்போவிலும் சிங்கப்பூரிலும் இருந்த கான்டனீஸ் மக்களே அவற்றுக்கு உறுதியான சந்தை. மறுபுறம் கிளியர்வாட்டர் பே குன்றில் ரன் ரன் ஷா எழுப்பிய பெரும் படப்பிடிப்பு நகரிலிருந்து அகலத்திரையும் வண்ணமும் கொண்ட மாண்டரின் படங்கள் வந்து குவிந்தன. 1967 நவம்பர் 19 அன்று டிவிபி தொலைக்காட்சி இலவச ஒளிபரப்பைத் தொடங்கியது. கான்டனீஸ் நகைச்சுவையையும் பாட்டையும் வீட்டிலிருந்தபடியே பார்க்க முடிந்தபோது, அதையே மங்கலான கறுப்பு வெள்ளையில் காட்டும் படத்துக்குக் காசு கொடுக்க யாரும் வரவில்லை. கோனி சானும் 1970களின் தொடக்கத்தில் திரையை விட்டு விலகி அமெரிக்கா சென்றார்.

அக்காலத்தின் விசித்திரம் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். சிறுவனாகக் கான்டனீஸ் படங்களில் நடித்து வளர்ந்த புரூஸ் லீ, 1971லும் 1972லும் ஹாங்காங் திரையரங்குகளில் வசூல் சாதனைகளைப் படைத்தபோது, அவருடைய சொந்த ஊர் ரசிகர்கள் அவரை மாண்டரின் டப்பிங்கில்தான் கேட்டார்கள். உள்ளூர் நாயகர் ஒருவர் உலகப் புகழ் பெறும் வேளையிலும் உள்ளூர் மொழிக்குத் திரையில் இடமில்லை.

1973இன் எழுச்சி எதை விளக்குகிறது, எதை விளக்கவில்லை

இயக்குநர் சோர் யுன் ஷா பிரதர்ஸுக்காக எடுத்த, 72 குடித்தனங்கள் நெருக்கியடித்து வாழும் ஒரு பழைய கட்டடத்தைப் பற்றிய படம் 1973 செப்டம்பரில் வெளியானது. மூலம் ஷாங்காய் வட்டார மேடை நாடகம். நடிகர்களில் பலர் டிவிபியின் அன்றாட முகங்கள். படம் 56 லட்சம் ஹாங்காங் டாலர் வசூலித்து, அவ்வாண்டில் புரூஸ் லீயின் கடைசிப் படத்தையே உள்ளூரில் பின்னுக்குத் தள்ளியது. வீட்டுக்காரியின் கொடுமையும், பணம் வாங்காமல் தீயை அணைக்க மறுக்கும் தீயணைப்பு வீரர்களின் பேரமும், லஞ்சம் தின்னும் போலீஸ்காரரும் அக்கால ஹாங்காங்வாசிக்கு அன்றாட அனுபவம். அதே 1973இல்தான் லஞ்சக் குற்றச்சாட்டுக்கு ஆளான பீட்டர் காட்பர் என்ற ஆங்கிலேய போலீஸ் உயரதிகாரி நாட்டைவிட்டுத் தப்பியோடி, நகரமே கொதித்தெழுந்தது. 1974 பிப்ரவரியில் ஊழல் ஒழிப்புக்கெனத் தனி ஆணையம் அமைக்கப்பட்டது. அதே 1974இல் சீன மொழி ஆங்கிலத்தோடு ஆட்சி மொழியாகவும் ஆனது.

ஆகவே காலம் கனிந்திருந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் சோர் யுன் அந்தப் பாதையில் நெடுந்தூரம் நடக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அடுத்த சில ஆண்டுகளில் அவர் வாள்வீரர் கதைகளை மாண்டரினில் எடுப்பதிலேயே பெயர் பெற்றார். ஷா நிறுவனமும் மாண்டரினைக் கைவிடவில்லை. தொலைக்காட்சி நகைச்சுவையைத் திரைக்குக் கொண்டுவந்து ஒருமுறை பெருவெற்றி காணலாம் என்பதை அப்படம் நிரூபித்தது. தொலைக்காட்சியில் இலவசமாகக் கிடைக்காத ஏதாவது ஒன்றைக் கான்டனீஸ் படம் தர முடியுமா என்ற கேள்வி அப்போதும் திறந்தே கிடந்தது.

ஹுய் சகோதரர்கள்

மைக்கேல் ஹுய் 1942இல் பிறந்தவர், ரிக்கி 1946இல், சாம் 1948இல். குடும்பம் குவாங்சோவிலிருந்து 1950இல் ஹாங்காங் வந்து சேர்ந்தது. சாம் இளம் வயதிலேயே கிட்டார் ஏந்தி, லோட்டஸ் என்ற இசைக்குழுவில் ஆங்கிலப் பாடல்களைப் பாடினார். ஹாங்காங் பல்கலைக்கழகத்தில் பட்டமும் பெற்றார். 1964 ஜூனில் பீட்டில்ஸ் குழு வந்து பாடிச் சென்ற பிறகு, அந்நகரத்துப் படித்த இளைஞர் எவரும் கான்டனீஸில் பாடுவதை எண்ணிப் பார்க்கவே இல்லை என்று சொன்னால் மிகையாகாது. ஆங்கிலம் நாகரிகம், ஷாங்காயிலிருந்தும் தைவானிலிருந்தும் வந்த மாண்டரின் பாடல் மென்மை, கான்டனீஸ் பாட்டு என்றால் பாட்டிமார் கேட்கும் இசை நாடகம் அல்லது கோமாளிப் பாட்டு என்பதே பொது மதிப்பீடு.

1971இல் மைக்கேலும் சாமும் சேர்ந்து டிவிபியில் ஒரு நகைச்சுவைத் தொடரை நடத்தினர். மைக்கேல் எழுதி, சாம் மெட்டமைத்துப் பாடிய ஒரு கான்டனீஸ் பாடல் 1972இல் அதில்தான் முதன்முதலில் ஒலித்தது. ஈஃபில் கோபுரமும் ஃபூஜி மலையும் சுதந்திர தேவி சிலையும் பார்த்துத் திரும்புகிற ஒருவனுக்கு, தன் ஊர்த் துறைமுகத்து மீன்பிடி விளக்குகளுக்கு அவை ஈடாகத் தோன்றவில்லை என்பதே பாட்டின் பொருள். 1967இன் கலவரங்களைத் தாண்டி வந்த நகரம் அது. அகதிகளாய் வந்தவர்களின் பிள்ளைகள் அதைத் தங்கள் ஊராக ஏற்றுக்கொள்ளத் தொடங்கிய தருணத்தை அப்பாட்டு பிடித்துவிட்டது. திரையில் ஒரு கான்டனீஸ் படமும் இல்லாத அதே 1972இல், தொலைக்காட்சியில் இப்படியொரு கான்டனீஸ் பாட்டு பிறந்திருக்கிறது என்பது இந்த ஆய்வின் முதன்மையான சான்று.

சாம் ஏற்கெனவே திரை நடிகர்தான். 1973இல் கோல்டன் ஹார்வெஸ்ட் தயாரித்த மாண்டரின் படங்களில் அவர் நடித்திருந்தார். ரேமண்ட் சௌ, ஷாவிலிருந்து பிரிந்து 1970இல் தொடங்கிய நிறுவனம் அது. அதே நடிகர், அதே நிறுவனம். மொழி மட்டும் வேறு. அப்படங்கள் அவருக்கென்று ஓர் அடையாளத்தைத் தரவில்லை. ஆய்வாளருக்கு இதைவிட நல்ல ஒப்பீடு வாய்ப்பது அரிது.

1974 அக்டோபரில், மைக்கேல் முதன்முதலாக எழுதி இயக்கிய, சிறையில் சந்திக்கும் இரண்டு சூதாடிகளின் கதை கோல்டன் ஹார்வெஸ்ட் வழியாக வெளியானது. வசூல் 60 லட்சம் டாலரைத் தாண்டி, முந்தைய ஆண்டின் சாதனையை முறியடித்தது. படத்தோடு அதே பெயரில் சாமின் இசைத்தட்டும் வந்தது. அத்தட்டில் இரண்டு வகைக் குரல்கள் இருந்தன. தலைப்புப் பாடல், சூதாட்ட மேசையைச் சுற்றி வாழ்பவர்களின் தெருப் பேச்சில் துள்ளுகிறது. அதே தட்டிலுள்ள காதல் பாடலோ பழஞ்சீனக் கவிதையின் நடையில் அமைந்திருக்கிறது. ஒரே குரலில் தெருவும் ஏடும் ஒலித்ததால், கான்டனீஸ் பாட்டைக் கீழானதாகக் கருதிய பட்டதாரியும் அதை வாங்கினார். ஏட்டுநடை எட்டாத தொழிலாளியும் வாங்கினார்.

இதன் அருமை புரிய, அம்மொழியில் பாட்டெழுதுவதன் சிக்கலைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். கான்டனீஸில் ஒரே ஓசை, ஏற்ற இறக்கத்தைப் பொறுத்து ஆறு வெவ்வேறு பொருள்களைத் தரக்கூடும். மாண்டரின் பாடல்களில் சொல்லின் சுரம் மெட்டுக்குள் கரைந்துபோனாலும் கேட்பவர் பொறுத்துக்கொள்கிறார். கான்டனீஸில் மெட்டு மேலேறும் இடத்தில் தாழ்சுரச் சொல் விழுந்தால், கேட்பவரின் காதில் வேறொரு சொல் விழும். சோகப் பாட்டு சிரிப்புப் பாட்டாகிவிடும். அதனால் அங்கே மெட்டு முதலில் வருகிறது. எழுதுபவர் ஒவ்வொரு அசைக்கும் சுரம் பொருந்தும் சொல்லைத் தேடித் தேடி நிரப்புகிறார். இசை நாடகக் கலைஞர்கள் இதற்கு முன்பே வழிமுறைகள் வைத்திருந்தனர். ராக் இசையின் தாளத்துக்கும் மேற்கத்திய மெட்டுக்கும் அந்த ஒழுங்கு பழக்கமில்லை. சாமும், அவரோடு பல பாடல்களை எழுதிய லாய் பெய்-டாக்கும், சந்தைப் பேச்சையும் வசவையும் சூதாடியின் குழூஉக்குறியையும் எடுத்து, கிட்டார் மெட்டில் சுரம் பிசகாமல் பொருத்திக் காட்டினர். அந்தப் பொருத்தம் இல்லாதிருந்தால் மற்ற எதுவும் நடந்திருக்காது என்பது என் துணிபு.

அடுத்து 1975இல் ஒரு படம். 1976இல் தனியார் துப்பறியும் நிறுவனம் ஒன்றின் கஞ்ச முதலாளியையும் அவனிடம் மாட்டிக்கொண்ட வேலைக்காரர்களையும் பற்றிய படம். பின்னது 85 லட்சம் டாலர் வசூலித்து மீண்டும் சாதனை படைத்தது. மாதச் சம்பளக்காரனின் புலம்பலாக அமைந்த அதன் தலைப்புப் பாடல், படம் பார்க்காதவர்களின் வாயிலும் இன்றுவரை புழங்குகிறது. படம் திரையரங்கை விட்டுப் போன பிறகும் பாட்டு வானொலியில் தங்கிவிடுகிறது. அடுத்த படம் வரும்போது அந்தப் பாட்டுக்காரரைப் பார்க்கவே கூட்டம் வருகிறது. தொலைக்காட்சி இலவசமாகத் தர முடியாத ஒன்று இதுதான்: பாட்டாகக் கேட்டு ஏங்கவைத்து, முகமாகத் திரையில் காட்டுவது. தண்ணீர் பங்கீட்டு நாள்களின் அவதியைக்கூட சாம் 1970களின் பிற்பகுதியில் ஒரு பாடலாக்கினார். அப்படங்கள் ஜப்பானிலும் ‘மிஸ்டர் பூ’ என்ற பெயரில் வரிசையாக ஓடின.

சாம் ஒருவரே அனைத்தையும் செய்தார் என்று வாதிட முடியாது. 1974இலேயே டிவிபியின் ஒரு தொடருக்காக ஜோசப் கூ இசையமைத்து, சாண்ட்ரா லாங் பாடிய தலைப்புப் பாடல் நகரையே ஆட்கொண்டது. ஜேம்ஸ் வோங் எழுத, ஜோசப் கூ இசையமைத்து, ரோமன் டாம் பாடிய தொலைக்காட்சித் தலைப்புப் பாடல்கள் மாலை நேர உணவு மேசைகளில் கான்டனீஸ் பாட்டைக் கௌரவமான பொருளாக்கின. பின்னாளில் ஜேம்ஸ் வோங் கான்டனீஸ் பாப் இசையின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் பற்றி ஹாங்காங் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வேடே எழுதினார். தொலைக்காட்சி பாடலை வளர்த்தது. அந்தப் பாடலைத் திரை நட்சத்திரத்தின் உடலோடு இணைத்தவர் சாம். இந்த வேறுபாட்டைக் கலக்காமல் வைத்துக்கொண்டால்தான் 1980களின் நட்சத்திர முறை புரியும்.

1981இல் மூன்று சகோதரர்களும் சேர்ந்து நடித்த காவல் நிறுவனக் கதைக்காக மைக்கேல், 1982இல் தொடங்கிய ஹாங்காங் திரைப்பட விருதுகளின் முதல் சிறந்த நடிகர் விருதைப் பெற்றார். அதே 1982இல் சாம் அண்ணனின் கூட்டணியிலிருந்து வெளியேறி, சினிமா சிட்டி என்ற புதிய நிறுவனத்துக்காக கார்ல் மாக்காவோடும் சில்வியா சாங்கோடும் நடித்த படமே, தொடக்கத்தில் சொன்ன அந்தப் பெருவசூல் படம். மைக்கேலின் கூர்மையான சமூகக் கிண்டல் அதில் இல்லை. கார் துரத்தலும் இயந்திரப் பொம்மைகளும் இருந்தன. பாடகரின் முகத்துக்கே கூட்டம் வரும் என்று ஆகிவிட்டால் கதை எவ்வளவு மெலிந்தாலும் பரவாயில்லை என்ற எண்ணம் தொழிலுக்குள் நுழைந்தது இங்கேதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒரு தொழில்முறையாக மாறியபோது

1980களில் தனிமனிதத் திறமையாக இருந்தது நிறுவன ஏற்பாடாக மாறியது. டிவிபியும் அதன் இசைத்தட்டு நிறுவனமான கேபிடல் ஆர்ட்டிஸ்ட்ஸும் 1982இல் புதிய பாடகர்களுக்கான போட்டியைத் தொடங்கின. முதல் போட்டியில் வென்றவர் 18 வயது அனிதா முய். சிறுமியாக லாய் சி கோக் பொழுதுபோக்குப் பூங்காவின் மேடையில் பாடி வளர்ந்தவர் அவர். 1983இல் ஹங் ஹோமில் 12,000க்கு மேற்பட்ட இருக்கைகளோடு கொலிசியம் அரங்கம் திறக்கப்பட்டது. அங்கே எத்தனை இரவுகள் தொடர்ந்து பாடினார் என்பது ஒரு நட்சத்திரத்தின் அளவுகோலாயிற்று. தொலைக்காட்சி கண்டெடுக்கும், தட்டு நிறுவனம் வளர்க்கும், சினிமா காட்டும், கொலிசியம் முடிசூட்டும். ஒரு சிறிய நகரத்தில் இவை அனைத்தும் ஒன்றுக்கொன்று அருகில் இருந்ததால் சுழற்சி வேகமாக நடந்தது.

லெஸ்லி சியூங்கின் பாதை அவ்வளவு எளிதாக இருக்கவில்லை. 1977இல் ஒரு தொலைக்காட்சிப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்ற அவர், 1983இலும் 1984இலும்தான் பாடகராக நிலைபெற்றார். 1986இல் ஜான் வூவின் குற்றவுலகப் படத்தில் நடித்தும் அதன் பாடலைப் பாடியும், அடுத்த ஆண்டு பேய்க்காதல் கதை ஒன்றில் மீண்டும் அவ்விரண்டையும் செய்தும் உச்சத்தைத் தொட்டார். முதற்படத்தின் பாட்டுக்கு இசை ஜோசப் கூ, வரிகள் ஜேம்ஸ் வோங். இரண்டாவதில் இசையும் வரிகளும் ஜேம்ஸ் வோங்கே.

இங்கே வெளியூர் ரசிகர் அறியாத ஒரு நடைமுறையைக் குறிப்பிட வேண்டும். அக்கால ஹாங்காங் படங்கள் பெரும்பாலும் ஒலிப்பதிவு இன்றிப் படமாக்கப்பட்டு, பின்னர் டப்பிங் அறையில் பேச்சு சேர்க்கப்பட்டவை. ஒரே நேரத்தில் பல படங்களில் நடித்த நட்சத்திரத்துக்கு அங்கே வந்து பேச நேரமிருக்காது. வேறொருவர் அவருக்காகப் பேசுவார். ஆக, பல படங்களில் நட்சத்திரத்தின் உண்மையான குரல் ஒலிக்கும் ஒரே இடம் பாடல்தான். தைவானுக்கும் சிங்கப்பூருக்கும் மாண்டரின் டப்பிங்கில் போனபோது நிலைமை இன்னும் வெளிப்படை. சிங்கப்பூரில் 1979இல் தொடங்கிய மாண்டரின் பேசும் இயக்கத்துக்குப் பின் கான்டனீஸ் நாடகங்கள் தொலைக்காட்சியிலும் மாண்டரினில்தான் ஒலித்தன. நட்சத்திரத்தை அங்குள்ள ரசிகர் அடையாளம் கண்டது இசைத்தட்டு வழியாகவே. பாடகர் நடிகராக வேண்டும் என்று சந்தை ஏன் வற்புறுத்தியது என்பதற்கு இது ஒரு நேரடியான தொழில்நுட்பக் காரணம். ரசிகர் மோகம் பற்றிய பொதுப் பேச்சைவிட இது எனக்கு நம்பகமாகப் படுகிறது.

இந்த முறையின் மிகச் சிறந்த விளைவு ஸ்டான்லி குவான் இயக்கி, லிலியன் லீயின் புதினத்தைத் தழுவி, 1988 ஜனவரியில் ஹாங்காங்கில் வெளியான படம். 1934இல் ஷெக் டோங் சுய் பகுதியின் பொதுமகள் ஒருத்தி செல்வர் வீட்டுப் பிள்ளையோடு சேர்ந்து உயிர்விட உடன்பட்டு இறக்கிறாள்; அரை நூற்றாண்டு கழித்து ஆவியாகத் திரும்பிவந்து, அவனைத் தேடிச் செய்தித்தாளில் விளம்பரம் கொடுக்கிறாள். அவளாக அனிதா முய். அவனாக லெஸ்லி சியூங். தொடக்கக் காட்சியில் ஆண் உடையில் நிற்கும் அனிதா, நாம்யாம் என்ற பழைய தென்சீனக் கதைப்பாட்டு மரபில் ஒரு பிரிவுப் பாடலைப் பாட, லெஸ்லி எதிர்ப்பாட்டால் அவளை நெருங்குகிறார். ஆண் வேடப் பெண் என்ற யாம் கிம்-ஃபையின் மரபும், மேடைப் பாட்டோடு பிறந்த பழைய கான்டனீஸ் சினிமாவும், நவீன பாப் பாடகியின் தாழ்ந்த கரகரத்த குரலும் ஒரே காட்சியில் சந்திக்கின்றன. கதைப்படி அந்தச் செல்வப்பிள்ளை இசை நாடக நடிகனாக விரும்பியவன்; கடைசியில் அவன் உயிரோடு அகப்படுவது ஒரு படப்பிடிப்புத் தளத்தில், துணை நடிகனாக. இரு பெரும் பாடகர்களை வைத்துக்கொண்டு கேளிக்கையாக முடித்திருக்கக்கூடிய ஒன்றை, கான்டனீஸ் பாட்டின் முழு வரலாற்றையும் உள்ளடக்கிய படமாக குவான் ஆக்கினார். அனிதாவுக்கு தைவானின் தங்கக் குதிரை விருதும் பின்னர் ஹாங்காங் விருதும் கிடைத்தன.

அதே முறை அடுத்த சில ஆண்டுகளில் தன் எல்லையை மீறியது. ஜாக்கி சியூங், ஆண்டி லாவ், லியோன் லாய், ஆரன் குவோக் ஆகிய நால்வரும் ‘நான்கு விண்ணரசர்கள்’ என்று அழைக்கப்பட்ட 1990களின் தொடக்கத்தில், ஆண்டு உற்பத்தி இருநூறைத் தாண்டியது. தைவான் விநியோகஸ்தர்கள் கதையைக் கேட்காமலே நட்சத்திரத்தின் பெயருக்கு முன்பணம் கொடுத்தனர். ஆண்டி லாவ் ஓராண்டில் பத்துக்கு மேற்பட்ட படங்களில் தோன்றினார். இந்தப் பணம் குண்டர் கும்பல்களையும் இழுத்தது: நட்சத்திரங்களை மிரட்டி ஒப்பந்தம் வாங்குவது வழக்கமாயிற்று. 1992 ஜனவரியில் லெஸ்லி சியூங் நடித்த ஒரு புத்தாண்டு நகைச்சுவைப் படத்தின் நெகட்டிவ் சுருள்கள் ஆயுத முனையில் கொள்ளையடிக்கப்பட்டன. அம்மாதம் 15ஆம் தேதி திரைக்கலைஞர்கள் வன்முறைக்கு எதிராகத் தெருவில் ஊர்வலம் போனார்கள். 1993இல் ஸ்டீவன் ஸ்பில்பெர்க்கின் டைனோசர் படம் உள்ளூர் வசூலில் முதலிடம் பிடித்தபோது, கதையற்ற நட்சத்திரப் படங்களால் சலித்துப்போயிருந்த ரசிகர் வேறு பக்கம் திரும்பிவிட்டார் என்பது தெளிவாயிற்று. இதற்குப் பாடகர்களைக் குறை சொல்வது நியாயமில்லை. ஜாக்கி சியூங், வோங் கார்-வாயின் முதற்படத்தில் நடித்ததற்காகத் துணை நடிகர் விருது பெற்றார். 1990இல் அதே இயக்குநரின் படத்தில் தாய்ப்பாசத்துக்கு ஏங்கும் ஊதாரி இளைஞனாக லெஸ்லி தந்த நடிப்பு, பாடகர் என்ற அடைமொழியையே மறக்கச் செய்தது. முன்பணம் கதையைப் பார்க்கவில்லை, கோளாறு அங்கேதான்.

சாம் ஹுய் 1992இல் கொலிசியத்தில் தொடர் கச்சேரிகள் நடத்தி ஓய்வு பெற்றார். 2003 ஏப்ரல் 1 அன்று லெஸ்லி மறைந்தார். சார்ஸ் நோய் நகரை முடக்கியிருந்த வேளை அது. அவ்வாண்டு ஜூனில் சீனப் பெருநிலத்துடன் கையெழுத்தான பொருளாதார ஒப்பந்தம், கூட்டுத் தயாரிப்புகளுக்குக் கதவைத் திறந்தது. பணமும் பார்வையாளரும் மாண்டரின் பக்கம் இருந்ததால் இயக்குநர்களும் அங்கே போனார்கள். நவம்பரில் திருமண உடையில் கொலிசியம் மேடையில் நின்று விடைபெற்ற அனிதா, டிசம்பர் 30 அன்று கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயால் காலமானார். மறு ஆண்டே சாம் ஓய்வைக் கலைத்து மேடைக்குத் திரும்பினார்.

என் வாதத்துக்கு எதிரான சான்று ஒன்றையும் வைத்தாக வேண்டும். உள்ளூரில் பத்துக் கோடி டாலர் வசூலைத் தாண்டிய முதல் ஹாங்காங் படம் 2023இல் வந்த ஒரு நீதிமன்றக் கதை. அதையும் முந்தியது 2024இல் வெளியான, ஈமச்சடங்கு நடத்துபவர்களைப் பற்றிய படம். இரண்டிலும் நாயகர் டேயோ வோங்; அவர் மேடையில் தனியாக நின்று பேசிச் சிரிக்கவைத்துப் பெயர் வாங்கியவர், பாப் பாடகர் இல்லை. அப்படியானால் பாடகர் இன்றியும் கான்டனீஸ் படம் நிற்கும். 1973இலும் அது பேச்சின் வலிமையால்தான் எழுந்தது. ஆனால் இவ்விரு படங்களும் முதன்மையாக ஹாங்காங் ரசிகரை நம்பி எடுக்கப்பட்டவை. கோலாலம்பூருக்கும் தைபேக்கும் டோக்கியோவுக்கும் அம்மொழிச் சினிமாவைக் கொண்டுபோன வேலையைப் பேச்சால் செய்ய முடியவில்லை. அது பாட்டின் வேலையாக இருந்தது. 2024இன் அப்படத்தில் டேயோ வோங்குக்கு இணையாக, பிடிவாதக்காரத் தாவோயியப் பூசாரியாக நடித்தவர் 82 வயது மைக்கேல் ஹுய். அவரும் வோங்கும் அதில் ஒரு காட்சியில் சேர்ந்து பாடுவது, அனிதாவும் லெஸ்லியும் பாடிய அதே நாம்யாம் பாட்டைத்தான்.